பாட்டிலுக்குள் நத்தை! பாலிசிக்குள் என்ன?

1928-ம் வருஷம், ஆகஸ்ட் 26. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். ஸ்காட்லாந்தில் பெய்ஸ்லி என்ற ஊர். மே டானஹ்யூ என்ற பெண்மணி ஒரு கபேக்குள் நுழைகிறார். கூட வந்தவர்தான் பில் கொடுக்கிறார். ஐஸ்கிரீம் மேலே ஜிஞ்சர் பீர் ஊற்றிச் சாப்பிடுவது அந்த ஊர் வழக்கம். (நம்ம ஊரில் ஜிகர்தண்டா மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்!) பாட்டில் கருப்புக் கண்ணாடி. உள்ளே இருப்பது தெரியாது. அம்மையார் பாதி குடித்துவிட்டார். மீதியை டம்ளரில் கவிழ்த்தால்... 'பொதக்' என்று விழுந்தது, அழுகிப்போன ஒரு நத்தை!

இது அந்த அம்மாள் கோர்ட்டில் சொன்ன கதை. வயிற்றுக் கோளாறு, அதிர்ச்சி, ஆஸ்பத்திரி. நஷ்டஈடு கேட்கலாம் என்று பார்த்தால், யாரிடம் கேட்பது? கபேக்காரரிடம் கேட்க முடியாது. ஏனென்றால் காசு கொடுத்தவர் இவர் இல்லை. தயாரித்த டேவிட் ஸ்டீவன்சனிடம் கேட்கலாம் என்றால், 'உனக்கும் எனக்கும் என்னம்மா ஒப்பந்தம்? நான் உனக்கு விற்கவே இல்லையே!' என்று சொல்ல அன்றைய சட்டம் இடம் கொடுத்தது.

அம்மையாரின் வக்கீல் வால்டர் லீச்மன் விடாக்கண்டர். இதற்கு முன்பே, ஜிஞ்சர் பீர் பாட்டிலில் செத்த எலி இருந்ததாக வழக்குப் போட்டுத் தோற்றவர். எலி போனால் என்ன, நத்தை இருக்கிறது என்று மறுபடி கிளம்பினார். 500 பவுண்டு கேட்டு வழக்கு. லண்டனில் பிரபுக்கள் சபை வரைக்கும் போக அந்த அம்மாளிடம் பணமில்லை. 'என் சொத்து மதிப்பு ஐந்து பவுண்டுகூடத் தேறாது' என்று ஏழை மனுதாரராகப் பதிவு செய்துகொண்டுதான் போனார்.

1932 மே 26-ல் தீர்ப்பு. ஐந்து நீதிபதிகளில் மூன்று பேர் அம்மாள் பக்கம். பொருளைத் தயாரிக்கிறவனுக்கு, அதைக் கடைசியில் வாயில் வைக்கப்போகிறவர்மேல் அக்கறை இருந்தாக வேண்டும்; நேரடி ஒப்பந்தம் இல்லை என்று தப்பிக்க முடியாது என்று அட்கின் பிரபு சொல்லிவிட்டார். இன்றைக்கும் உலகெங்கும் சட்டக் கல்லூரிப் பையன்கள் இந்த நத்தையைத் தாண்டாமல் பாஸ் பண்ண முடியாது.

வேடிக்கை என்னவென்றால், பாட்டிலுக்குள் நிஜமாகவே நத்தை இருந்ததா என்பது கடைசிவரை நிரூபணமாகவே இல்லை. சாட்சி விசாரணைக்கு முன்பே ஸ்டீவன்சன் காலமாகிவிட, 200 பவுண்டில் ராசியாகிவிட்டதாகச் சொல்வார்கள்.

அந்த நத்தை ஊர்ந்து ஊர்ந்து நம்ம ஊருக்கும் வந்து சேர்ந்துவிட்டது. ஊறுகாய் போடுகிற மாமி, கிரைண்டர் பண்ணுகிற கவுண்டர், பனியன் ஏற்றுமதி செய்கிற முதலாளி... பொருள் செய்து விற்கிற யாராக இருந்தாலும் சரி, 'உங்கள் பொருளால் எனக்குக் காயம்' என்று ஒரு நோட்டீஸ் வந்தால் என்ன செய்வீர்கள்? அதற்குத்தான் 'பிராடக்ட் லயபிலிட்டி இன்ஷூரன்ஸ்' என்று ஒன்று இருக்கிறது. தமிழில் சொன்னால் 'பொருள் பொறுப்புக் காப்பீடு'. பெயரைக் கேட்டாலே கொட்டாவி வருகிறது, இல்லையா? கொஞ்சம் பொறுங்கள். உங்கள் வீட்டுப் பத்திரம் சம்பந்தப்பட்ட விஷயம் இது.

ஐந்து வாசல்

நம் நாட்டில் 1986-லேயே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் 'பொருள் பொறுப்பு' என்று தனி அத்தியாயமே போட்டது 2019-ம் வருஷத்துச் சட்டம்தான். 2020 ஜூலை 20 முதல் அமலில் இருக்கிறது. இந்தப் பழக்கடை, மளிகைக்கடை வைத்திருக்கிறவர்கள் முதல் பெரிய கம்பெனிகள் வரை எல்லோரும் இதற்குள் அடக்கம்.

தயாரிப்பாளர் எப்போது மாட்டுவார்? பொருளைச் செய்ததில் குறை. டிசைனிலேயே குறை. செய்முறை அளவுகளிலிருந்து விலகியது. வாய்விட்டுக் கொடுத்த உத்தரவாதப்படி இல்லாமல் போனது. எப்படி உபயோகிப்பது, எது ஆபத்து என்று சரியாகச் சொல்லாமல் விட்டது. இந்த ஐந்தில் ஒரு வாசல் திறந்தாலும் போதும், நஷ்டஈடு உள்ளே வந்துவிடும்.

நான்காவது வாசலில் ஒரு விசேஷம். 'உடையவே உடையாது', 'நூறு சதவீதம் பாதுகாப்பானது' என்று அட்டையில் அச்சடித்துவிட்டு, அது உடைந்து ஒருவர் கை போனால், 'நான் கவனக்குறைவாக இல்லை, நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன்' என்று நிரூபித்தாலும் தப்பிக்க முடியாது. அட்டை டிசைன் பண்ணுகிற தம்பி உற்சாகத்தில் சேர்க்கிற ஒரு வரிக்கு முதலாளி பதில் சொல்ல வேண்டும்.

ஐந்தாவது வாசல்தான் நம்மவர்கள் அலட்சியமாக விடுவது. அதற்காகக் கத்தியில் 'இது வெட்டும்' என்று எழுத வேண்டுமா என்றால், வேண்டாம். ஊரறிந்த ஆபத்துக்கு எச்சரிக்கை தேவையில்லை என்று சட்டமே சொல்கிறது. பொருளைத் தப்பாக உபயோகித்தது, தானே கழற்றி மாற்றியது, தண்ணி போட்டுவிட்டு உபயோகித்தது... இதற்கெல்லாம் தயாரிப்பாளருக்கு விலக்கு உண்டு. ஆனால் நிரூபிக்க வேண்டுமே! விபத்து நடந்த சமையல்கட்டில் நீங்களா இருந்தீர்கள்?

'நான் தயாரிக்கவில்லை சார், எங்கேயோ வாங்கி என் ஸ்டிக்கரை ஒட்டி விற்கிறேன்' என்கிறவர்கள் காதைத் தீட்டிக்கொள்ளவும். அடுத்தவர் செய்த பொருளில் தன் முத்திரையைப் போடுகிறவரும் இந்தச் சட்டத்தின் பார்வையில் தயாரிப்பாளர்தான். டெல்லியிலிருந்து மிக்ஸியை மொத்தமாக இறக்கி, குலதெய்வம் பெயரில் ஸ்டிக்கர் ஒட்டியாகிவிட்டதா? மிக்ஸி வெடித்தால் டெல்லிக்காரரைத் தேடிக்கொண்டு யாரும் போகமாட்டார்கள். குலதெய்வத்தையும் கூப்பிடமாட்டார்கள். உங்களைத்தான் கூப்பிடுவார்கள்.

வெறும் கடைக்காரருக்குக் கொஞ்சம் நிம்மதி உண்டு. ஆனால் அவரும் பொருளில் கைவைத்து மாற்றியிருந்தாலோ, தானாக ஒரு உத்தரவாதம் கொடுத்திருந்தாலோ, தயாரிப்பாளர் யாரென்றே தெரியாத சரக்கை விற்றிருந்தாலோ மாட்டிக்கொள்வார். 'பில் இல்லாத சரக்கு சார், மலிவாக் கெடச்சுது' என்கிற சந்தோஷத்துக்குப் பின்னால் இப்படி ஒரு வால் இருக்கிறது.

கன்ஸ்யூமர் கோர்ட்டுக்கு எவ்வளவு ஈஸியாகப் போகலாம் தெரியுமா? பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் புகார் கட்டணமே கிடையாது. 50 லட்சம் வரை மாவட்ட ஆணையத்திலேயே போடலாம். புகார் கொடுப்பவர் தான் குடியிருக்கிற ஊரிலேயே போடலாம். இங்கேதான் இருக்கிறது வினை. முன்பெல்லாம் மாமியின் மாவடு மாம்பலத்தைத் தாண்டாது. இப்போது ஆன்லைனில் ஆர்டர் வருகிறது, கூரியரில் கௌஹாத்திக்குப் போகிறது. அங்கே ஒருவருக்கு ஒத்துக்கொள்ளாமல் போனால், அவர் கௌஹாத்தியில் புகார் கொடுப்பார். மாமி அங்கே வக்கீல் பிடித்தாக வேண்டும். வடு மாங்காய் விற்ற லாபம் வக்கீலின் டீ செலவுக்குக் காணுமா?

சாப்பாட்டுச் சாமான் என்றால் இன்னொரு சட்டமும் சேர்ந்துகொள்கிறது. 2006-ம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, உணவால் ஒருவர் இறந்துபோனால் நஷ்டஈடு 5 லட்சம் ரூபாய்க்குக் குறையக்கூடாது. பலத்த காயத்துக்கு 3 லட்சம் வரை, மற்றதற்கு ஒரு லட்சம் வரை.

இதையெல்லாம் யார் கொடுப்பது? கம்பெனி என்றால் கம்பெனியின் பணம். ஆனால் நம்ம ஊர் சின்னத் தொழில்களில் முக்கால்வாசி 'புரொப்ரைட்டர்' சமாச்சாரம். அதில் தொழில் வேறு, ஆள் வேறு இல்லை. பட்டறைக்கு வந்த கடன் வீட்டுக்கும் வந்த கடன். பெண்ணின் கல்யாணத்துக்குச் சேர்த்த நகையும் அதில் அடங்கும்.

எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள். ஷாக் அடித்துக் கை முடங்கிப்போன ஒரு தையல்காரம்மாவுக்கு 12 லட்சம் கொடு என்று தீர்ப்பாகிறது என்று வைத்துக்கொள்வோம். பட்டறைக்காரர் ஏற்கெனவே திவால். தீர்ப்புக் காகிதத்தை வைத்துக்கொண்டு அந்த அம்மா என்ன செய்வார்? ஃபிரேம் போட்டா மாட்ட முடியும்? பாலிசி என்று ஒன்று இருந்தால் அந்தக் காகிதம் காசாகும். முதலாளிக்கான குடை என்றுதான் இதை விற்கிறார்கள். நனையாமல் இருக்கிறவர்களில் பாதிப் பேர் அடுத்த பக்கத்தில் நிற்கிறார்கள் என்பதை யாரும் சொல்வதில்லை.

"நமக்குத்தான் இருக்குதுங்களே!"

கோயமுத்தூரில் ஒரு கிரைண்டர் பட்டறை. இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் உள்ளே நுழைகிறார். பேச்சு இப்படித்தான் போகும்:

"ஏனுங்க, எங்கிட்டத்தான் இன்ஷூரன்ஸ் இருக்குதுங்களே! பேங்க்ல லோன் குடுக்கறப்பவே புடிச்சுட்டாங்க."

"அது உங்க பட்டறை தீப்புடிச்சா வர்றதுங்கண்ணா. உங்க கிரைண்டர் போயி இன்னொருத்தர் வீட்ல தீ வெச்சா?"

"அதுக்கு ஒரு வருஷம் கேரண்டி குடுத்திருக்கறனுங்களே!"

"கேரண்டி மோட்டாருக்குங்க. ஷாக் அடிச்ச கைக்கு யாருங்க கேரண்டி?"

"பப்ளிக் லயபிலிட்டின்னு இன்னொண்ணுகூட எடுத்திருக்கறனே..."

"அது உங்க கேட்டுக்குள்ள வந்து ஒருத்தரு வழுக்கி உழுந்தாங்க. கேட்டைத் தாண்டி மிஷின் போனதுக்கப்பறம் நடக்கறதுக்கு இது வேறங்கண்ணா."

ஏஜென்ட் சொன்னதில் விஷயம் முடிந்துவிட்டது. பட்டறைக்குள் வேலையாளுக்கு அடிபட்டால் அது தொழிலாளர் நஷ்டஈட்டுப் பாலிசி. பட்டறைக்கு வந்த வெளியாளுக்கு அடிபட்டால் பப்ளிக் லயபிலிட்டி. பொருள் கைமாறிப் போய், வேறொரு இடத்தில் வேறொருவருக்கு அடிபட்டால்தான் பிராடக்ட் லயபிலிட்டி. மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டு, 'எல்லாம் இருக்கு' என்று நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் ஏராளம்.

இதில் ஒரு விசித்திரம். 1984 போபால் விஷவாயுக் கொடுமைக்குப் பிறகு, அபாயகரமான ரசாயனங்களைக் கையாளுகிறவர்கள் கட்டாயம் காப்பீடு எடுக்க வேண்டும் என்று 1991-ல் தனிச் சட்டம் வந்தது. ஸ்கூட்டர் ஓட்டுகிறவர்கூட 'தேர்ட் பார்ட்டி' எடுக்காமல் ரோட்டில் இறங்க முடியாது. ஆனால் லட்சக்கணக்கான வீட்டுக்குள் போகிற மின்சாரச் சாமானுக்கும் குழந்தை விளையாட்டுச் சாமானுக்கும் காப்பீடு எடுப்பதும் எடுக்காததும் தயாரிப்பாளர் இஷ்டம்! எனக்கென்னவோ இது சரியாகப் படவில்லை.

சரி, பாலிசி எடுத்தால் என்ன கிடைக்கும்? உங்கள் பொருளின் குறையால் மூன்றாவது மனிதருக்கு உடம்புக்கோ உடைமைக்கோ ஏற்பட்ட நஷ்டத்துக்குச் சட்டப்படி நீங்கள் கொடுக்க வேண்டிய தொகை. கூடவே, கம்பெனியின் சம்மதத்தோடு செய்த வக்கீல் செலவு. வழக்கில் நீங்களே ஜெயித்தாலும் வக்கீல் சும்மா வாதாடமாட்டார் அல்லவா? பல சின்ன வழக்குகளில் நஷ்டஈட்டைவிட இந்தச் செலவுதான் ஆளை விழுங்கும். ஆனால் பெரும்பாலான பாலிசிகளில் இந்தச் செலவும் அதே மொத்தத் தொகைக்குள்தான் அடங்கும்.

என்ன கிடைக்காது என்பதுதான் பெரிய கதை. பாலிசியின் கடைசிப் பக்கங்களில், எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்தில் இருக்கும். பூதக்கண்ணாடியைத் தேடி எடுத்தாவது படியுங்கள்.

வெடித்த குக்கரால் சுவரும் கையும் போயிற்று என்றால் அவற்றுக்குப் பணம் வரும். குக்கருக்கு வராது! பொருளையே மாற்றித் தருவதும் ரிப்பேர் செய்வதும் உங்கள் பாடு. 'சரக்கில் கோளாறு, கடைகளிலிருந்து எல்லாவற்றையும் திரும்ப எடு' என்று ஆனால், அந்த லாரி வாடகை, விளம்பரச் செலவு எதுவும் வராது. அதற்கு 'ரீகால்' என்று தனிப் பாலிசி இருக்கிறது. தலையில் தடவினால் முடி வளரும் என்று விற்ற எண்ணெய் முடியை வளர்க்கவில்லை என்றால் வராது. அதே எண்ணெயால் தலையில் புண் வந்தால் வரும். அரசாங்கம் போட்ட அபராதத்துக்கு வராது. உதாரணமாக, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பொய் விளம்பரத்துக்கு 10 லட்சம் வரை அபராதம் போடலாம். மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. அது உங்கள் கைக்காசுதான். குறை இருக்கிறது என்று தெரிந்தே விற்றிருந்தால், பாலிசியை மறந்துவிடலாம்.

'ஆர்டர் கிடைத்தால் போதும்' என்று பெரிய கம்பெனி நீட்டுகிற ஒப்பந்தத்தில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 'என்ன நஷ்டம் வந்தாலும் நானே பொறுப்பு' என்று சட்டம் கேட்பதைவிட அதிகமாக நீங்களாக ஏற்றுக்கொண்ட பொறுப்பை இன்ஷூரன்ஸ் கம்பெனி ஏற்காது.

சுருக்குக் கயிறும் சுடு காபியும்

திருப்பூர்க்காரர்களுக்கு இது கதையில்லை, தினசரி வாழ்க்கை. அமெரிக்க வியாபாரி ஆர்டர் கொடுக்கும்போதே 'பிராடக்ட் லயபிலிட்டி சர்ட்டிபிகேட் எங்கே?' என்று கேட்கலாம். தன் பெயரையும் பாலிசியில் சேர்க்கச் சொல்லலாம். துணி யாரை என்ன செய்துவிடும் என்கிறீர்களா?

குழந்தைகளின் தொப்பி வைத்த சட்டையில், கழுத்தைச் சுற்றி ஒரு சுருக்குக் கயிறு வருமே, அதைப் பாருங்கள். சறுக்கு மரத்தில் சறுக்கும்போது அது மாட்டிக்கொண்டு குழந்தைகள் கழுத்து இறுகிச் செத்திருக்கிறார்கள். இடுப்புக் கயிறு பஸ் கதவில் மாட்டி இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. 1996-ல் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம், குழந்தைகளின் மேல்சட்டைகளில் கழுத்துப் பக்கம் கயிறே கூடாது என்று வழிகாட்டி வெளியிட்டது. 2011-ல் அதை விதியாகவே ஆக்கிவிட்டார்கள். அந்தக் கயிற்றைப் பின்னலாடைப் பட்டறையில் கோக்கிறவருக்கு அது நாலணா சமாச்சாரம். நூல் நல்ல நூல், தையல் நல்ல தையல். டிசைனில்தான் எமன் உட்கார்ந்திருந்தான்.

அமெரிக்கா என்றதும் எல்லோரும் சொல்கிற ஒரு ஜோக் உண்டு: 'காபியைத் தானே கொட்டிக்கொண்டு, கடைக்காரன்மேல் கேஸ் போட்டுக் கோடி கோடியாகச் சம்பாதித்த பாட்டி!' கேட்டிருப்பீர்கள். நிஜக் கதை ஜோக் இல்லை.

1992 பிப்ரவரியில், நியூமெக்ஸிகோ மாநிலம் ஆல்புகர்க்கில், 79 வயது ஸ்டெல்லா லீபெக், நின்றுகொண்டிருந்த காரில், மெக்டொனால்ட்ஸ் காபி கப்பின் மூடியைத் திறக்கும்போது மடியில் கொட்டிக்கொண்டார். காபி 180 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் வைக்கப்பட்டிருந்தது. தொடையில் சதை வெந்து, எட்டு நாள் ஆஸ்பத்திரி, தோல் ஒட்டு ஆபரேஷன். அவர் முதலில் கேட்டது சுமார் 20,000 டாலர். கம்பெனி கொடுக்க முன்வந்தது 800 டாலர். கோர்ட்டுக்குப் போனபோதுதான் பத்து வருஷத்தில் எழுநூறுக்கும் மேற்பட்ட சூட்டுக் காயப் புகார்கள் கம்பெனிக்கு வந்திருந்தது தெரிந்தது. 1994-ல் ஜூரி கொதித்துப்போய், பாட்டிமேல் 20 சதவீதத் தப்பைக் கழித்து 1,60,000 டாலர் நஷ்டஈடும், அதற்கு மேல் தண்டனையாக 27 லட்சம் டாலரும் போட்டார்கள். நீதிபதி தண்டனைத் தொகையை 4,80,000 ஆகக் குறைத்தார். பிறகு இருவரும் வெளியில் சொல்லாத ஒரு தொகைக்கு ராசியானார்கள்.

நம்ம ஊர் ஏற்றுமதியாளர் கவனிக்க வேண்டியது அந்த 'தண்டனைத் தொகை'யை. நம் நாட்டுப் பாலிசிகள் அதைப் பொதுவாக ஏற்பதில்லை. 800 டாலரில் பேரம் பேசிய புத்திசாலித்தனத்துக்கு எந்தப் பாலிசியும் உதவாது.

இன்னொரு கொசுறு. செஸ்னா கம்பெனி தன் சின்ன பிஸ்டன் விமானங்கள் செய்வதையே 1986-ல் நிறுத்திவிட்டது. என்றோ விற்ற பழைய விமானம் விழுந்தாலும் வழக்கு, அதனால் காப்பீட்டுச் செலவு ஏறிக்கொண்டே போயிற்று. 18 வருஷத்துக்கு மேலான சின்ன விமானங்களுக்கு வழக்குப் போட முடியாது என்று 1994-ல் சட்டம் வந்தபிறகுதான் மறுபடி செய்ய ஆரம்பித்தார்கள். விமானக் கம்பெனிக்கே அந்தக் கதி!

அதனால்தான் பிரீமியம் கேட்கும்போது கம்பெனிக்காரர் முதலில் கேட்பது, 'அமெரிக்கா, கனடாவுக்குப் போகிறதா?' என்று. 'இந்தியா மட்டும்', 'அமெரிக்கா-கனடா நீங்கலாக உலகம்', 'உலகம் முழுவதும்' என்று வகை உண்டு. வகைக்குத் தகுந்த விலை. இதில் இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேளுங்கள்: விபத்து எங்கே நடந்தால் பணம் வரும்? வழக்கு எந்த நாட்டுக் கோர்ட்டில் நடந்தால் பணம் வரும்? 'விபத்து எங்கே வேண்டுமானாலும் நடக்கலாம், ஆனால் வழக்கு இந்தியக் கோர்ட்டில்தான்' என்கிற பாலிசியை வைத்துக்கொண்டு சிகாகோவுக்குச் சரக்கு அனுப்புவது, ரெயின்கோட்டை வீட்டில் மாட்டிவிட்டு மழையில் கிளம்புகிற மாதிரி.

தேதிதான் எல்லாம்

இந்தப் பாலிசியில் பலர் வழுக்கி விழுகிற இடம் தேதி. வண்டி இன்ஷூரன்ஸ் மாதிரி, விபத்து நடந்த அன்று பாலிசி இருந்ததா என்பதோடு முடிகிற கதையில்லை. நம் நாட்டில் இது பெரும்பாலும் 'கிளெய்ம்ஸ் மேட்' வகை. அதாவது, உங்கள்மேல் உரிமை கோரி நோட்டீஸ் வருகிற அன்று பாலிசி உயிரோடு இருக்க வேண்டும். விபத்தும் பாலிசியில் போட்டிருக்கிற 'ரெட்ரோஆக்டிவ் தேதி'க்குப் பிறகு நடந்திருக்க வேண்டும். முதன்முதலில் பாலிசி எடுத்த நாள்தான் வழக்கமாக அந்தத் தேதி. இடைவிடாமல் புதுப்பித்துக்கொண்டே வந்தால் அது அப்படியே நிற்கும். 'இந்த வருஷம் வியாபாரம் டல், அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்' என்று ஒரு வருஷம் விட்டீர்களோ, போயிற்று. புதுப் பாலிசி, புதுத் தேதி. நடுவில் நடந்ததும், அதற்கு முன்னால் நடந்து இன்னும் நோட்டீஸ் வராததும் உங்கள் தலையில்.

நுகர்வோர் புகார் கொடுக்க இரண்டு வருஷம் டயம் இருக்கிறது என்பதையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள். கடையை மூடிவிட்டு ரிட்டயர் ஆகிறவர்கள் மறுநாளே பாலிசியையும் மூடிவிடுவது ஏன் ஆபத்து என்று புரியும்.

தொகையும் இரண்டு விதம். ஒரு விபத்துக்கு இவ்வளவு, வருஷம் முழுவதற்கும் மொத்தம் இவ்வளவு. ஒரு விபத்துக்கு 25 லட்சம், வருஷத்துக்கு ஒரு கோடி என்று எடுத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரே 'பேட்ச்' மசாலாவில் கோளாறு, நாலு ஊரில் நாற்பது பேருக்கு வயிற்றுப்போக்கு. நாற்பது விபத்தா, ஒரு விபத்தா? பல பாலிசிகளில் ஒரே குறையால் வந்த எல்லாம் சேர்த்து ஒரே விபத்துக் கணக்கு. ஆக, நாற்பது பேருக்கும் சேர்த்து 25 லட்சம்தான். கோடி என்று நினைத்துக்கொண்டிருந்தவர் முகத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். இதற்கெல்லாம் முன்னால், ஒவ்வொரு விபத்திலும் முதல் கொஞ்சம் தொகை உங்கள் கையிலிருந்து போக வேண்டும். அதற்குப் பெயர் 'எக்ஸஸ்'.

பிரீமியம் எவ்வளவு? பொருள், விற்றுமுதல், போகிற நாடு, கேட்கிற தொகை, பழைய புகார்கள் இவற்றைப் பார்த்துத்தான் சொல்வார்கள். அப்பளத்துக்கும் அடுப்புக்கும் ஒரே ரேட் இருக்க முடியுமா? நியூ இந்தியா, ஓரியண்டல், நேஷனல், நம்ம சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட யுனைடெட் இந்தியா என்று நாலு அரசுக் கம்பெனிகள் இருக்கின்றன; தனியாரும் நிறைய. இரண்டு மூன்று இடத்தில் கேளுங்கள். விற்றுமுதலைக் குறைத்துச் சொல்லி பிரீமியத்தை மிச்சம் பிடிக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். பழைய புகாரை மறைப்பதும் அப்படித்தான். விண்ணப்பத்தில் சொன்ன ஒரு பொய்யைக் கண்டுபிடிக்க, கம்பெனி உங்கள் கிளெய்ம் வருகிற நாளுக்காகக் காத்திருக்கும்.

நோட்டீஸ் வந்த அன்று

தபால்காரர் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். முதல் வேலை, நோட்டீஸ் அனுப்பினவருக்குப் போன் போட்டுக் கத்தாமல் இருப்பது. இரண்டாவது வேலை, பயந்துபோய் 'தப்பு எங்களதுதான், இவ்வளவு தருகிறோம்' என்று எழுதிக் கொடுக்காமல் இருப்பது. கம்பெனியின் சம்மதமில்லாமல் பொறுப்பை ஏற்றால் பாலிசி உதவாமல் போகலாம். இந்த விதி எனக்குப் பிடிக்கவில்லை. அடிபட்டவரிடம் ஒரு வார்த்தை ஆறுதலாகப் பேசக்கூட ஆட்கள் பயப்படுகிறார்கள். ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்ப்பதையோ, 'எப்படி இருக்கீங்க?' என்று கேட்பதையோ எந்தப் பாலிசியும் தடுக்கவில்லை. பொறுப்பைப் பற்றி எழுத்தில் எதுவும் தராதீர்கள், அவ்வளவுதான்.

கோர்ட்டிலிருந்து புகார் நகல் வந்துவிட்டால் கடிகாரம் ஓட ஆரம்பிக்கிறது. பதில் தாக்கல் செய்ய 30 நாள், கெஞ்சினால் இன்னும் 15 நாள். அதற்கு மேல் ஒரு நாள்கூட கிடையாது என்று 2020 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள் கறாராகச் சொல்லிவிட்டார்கள். அந்த வழக்கில் லேட்டாகப் பதில் போட நின்றது யார் தெரியுமா? ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனி!

அடுத்து ரிஜிஸ்டரை எடுங்கள். எந்தத் தேதியில் செய்தது, எந்த பேட்ச், மூலப்பொருள் யாரிடம் வாங்கியது, யார் சோதித்தது, எந்தக் கடைக்குப் போனது. அதே பேட்சில் எடுத்து வைத்த மாதிரிப் பொருள் இருந்தால் பத்திரமாகப் பூட்டுங்கள். 'பேட்ச் நம்பரா? அது பிரிண்டர் போடறது சார், நாங்க கண்டுக்கறதில்லை' என்கிற பதிலைக் கேட்டு எந்த வக்கீலும் சந்தோஷப்படமாட்டார்.

விபத்து நடந்தது தெரிந்து, நோட்டீஸ் இன்னும் வரவில்லை என்றால்கூட இன்ஷூரன்ஸ் ஆபீஸுக்கு உடனே எழுதிவிடுங்கள். பாலிசி காலத்துக்குள் தகவல் கொடுத்துவிட்டால், வழக்கு பின்னால் வந்தாலும் அதே பாலிசியில் எடுத்துக்கொள்கிற விதி பல பாலிசிகளில் இருக்கிறது. கம்பெனி இழுத்தடித்தால், தனிமனிதத் தொழிலும் குறுந்தொழிலும் இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மனிடம் போகலாம். சென்னையிலேயே ஆபீஸ் இருக்கிறது. அங்கே அவர்கள் முதலில் கேட்பது, 'நீங்கள் கம்பெனிக்கு எழுதிய கடிதம் எங்கே?' என்று.

ஏஜென்டிடம் வாயால் சொன்னது கணக்கில் வராது. "நான் சொல்லிக்கறேன் சார், நீங்க கவலைப்படாதீங்க" என்பார். நல்ல மனுஷர்தான், நிஜமாகவே சொல்லவும் செய்வார். இருந்தாலும் கடிதத்தை இரண்டு காப்பி எடுத்து, நேரில் கொண்டுபோய், உங்கள் காப்பியில் தேதியோடு ஆபீஸ் சீல் வாங்குங்கள். டெஸ்பாட்ச் கிளார்க் சாப்பாட்டுக்குப் போயிருந்தால், திரும்பி வருகிறவரை அந்த பெஞ்சிலேயே உட்கார்ந்திருங்கள்.